பார்ப்பவரும் பார்க்கப்படுவோரும்

இறம்பொடைப் பகுதியில் ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு அண்மையில் நேர்ந்த ஓர் அனுபவத்தை முதலிற் கூறிவிட வேண்டும். தரம் பதினொன்றிற் கற்கும் மாணவன் ஒருவன், தன் லயத்துக்குக் கீழேயுள்ள பீலியில் நீராடிக்கொண்டிருந்த ஓர் இளந்தாயைத் தேயிலைச் செடிகளின் மறைவிலிருந்து கைத்தொலைபேசியிற் படம் பிடித்தான். அப்படம் அவனுடைய தோழர் இருவரின் தொலைபேசிகளுக்கும் சென்றது. மறுநாட் காலை அப்பெண் தம் மாமியாரையும் அழைத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். அவர் அழவில்லை, உரக்கப் பேசவுமில்லை.

"கொழுந்து மலையில கங்காணி பாக்குறாரு, சேர். ரோட்டுல வேன்ல வர்றவங்க பாக்குறாங்க. குளிக்கிற எடத்துலயும் பாத்தா நாங்க எங்க சேர் போறது?" என்று மட்டும் கேட்டார்.

படங்கள் அழிக்கப்பட்டன. மாணவன் அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். அவனுடைய தந்தையார் தலைகுனிந்து நின்றார். பாடசாலை செய்யக்கூடியது அத்துடன் முடிந்ததென்றே நாம் எண்ணினோம். ஆனால், அன்று மாலை அம்மாணவன் நம்மிடம் தனியே வந்து, துடுக்காகவன்றி உண்மையாகவே அறிய விரும்பியவனாய், ஒரு கேள்வி கேட்டான்: "நீர்வீழ்ச்சி பாக்க வர்றவங்க ரோட்டோரத்துல வேனை நிப்பாட்டி எங்க அம்மாவ தெனம் படம் எடுக்குறாங்க, சேர். அவங்கள ஏன் ஒருத்தரும் புடிக்கல?"

அக்கேள்விக்கு நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. பிள்ளைகளின் கேள்விகளுட் சில வரலாற்றை வேண்டி நிற்பவை. இக்கட்டுரை, காலந்தாழ்த்தியேனும் நாம் அவனுக்குக் கூறும் விடையாகும்.

*

பார்வைக்கு வலிமை உண்டு என்பதைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். குழந்தையின் கன்னத்தில் கரும்பொட்டு இடுகிறோம். புதுமனையின் முன்னே பூசணிக்காய் கட்டுகிறோம். கண்ணேறு என்பதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. அந்நம்பிக்கையின் உள்ளே ஓர் அனுபவ உண்மை உறைந்து கிடக்கிறது: பார்க்கிறவனுக்கும் பார்க்கப்படுகிறவனுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இருக்குமாயின், பார்வையே ஒரு தீங்காகிவிடும்.

நம் பழைய இலக்கணமும் இதனை அறியாததன்று. தொல்காப்பியக் களவியலில், தலைவனும் தலைவியும் முதன்முதல் எதிர்ப்படும் இடத்திலே காட்சி பேசப்படுகிறது. ஆயினும், ஒருவர் மற்றவரைக் கண்டுவிட்ட அளவில் அங்கே காதல் நிறைவெய்துவதில்லை. இருவர் கண்களும் ஒன்றையொன்று வினவி, உள்ளத்தின் உடன்பாட்டை அறிந்த பின்னரே மேலே செல்கின்றன. அஃதாவது, பார்க்கப்படுபவரும் பார்க்கிறார். அவருடைய இசைவும் கேட்கப்படுகிறது. இந்த எதிர்நோக்கு இல்லாத பார்வை ஒளிந்து பார்ப்பதாகும். ஒளிந்திருப்பதற்குச் செடிமறைவுதான் வேண்டும் என்பதில்லை. செல்வமும் அதிகாரமும் நிறமும் செடியைவிடச் சிறந்த மறைவுகள். அவற்றின் பின்னே நிற்பவனைப் பட்டப்பகலிலும் ஒருவரும் ஏறிட்டுப் பார்க்க முடிவதில்லை.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு மலையகத்தின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

*

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக இறம்பொடைக்கு ஏறி, அங்கிருந்து நுவரெலியா செல்லும் பாதையில் இன்று பயணம் செய்வோர் காண்பது, பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலை மலைகள், 109 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் இறம்பொடை நீர்வீழ்ச்சி, கீழே கொத்மலை நீர்த்தேக்கம் ஆகியவற்றை. 'இயற்கை எழில்' என்று விளம்பரங்கள் இதனைக் கூறுகின்றன. ஆனால், இம்மலைச் சரிவில் இயற்கையாக இருந்தது காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்காட்டை வெட்டிச் சாய்த்துக் கோப்பி நட்டனர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்தரவில் தேயிலை பயிரிட்டிருந்தார். வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஏழை உழவர்கள். எழில் எனப்படுவது அவர்களுடைய உழைப்பின் மேற்பரப்பு.

தோட்டம் அமைக்கப்பட்ட முறையைக் கவனியுங்கள். மேட்டின் மேலே துரையின் பங்களா. அதற்குக் கீழே உத்தியோகத்தர் வீடுகள். பள்ளத்திலே, பெரும்பாலும் ஓடைக்கரையோரம், லயன்கள். பங்களாவின் முன்றிலில் நின்றால் மலையும் ஸ்டோரும் லயமும் ஒருங்கே தெரியும். லயத்திலிருந்து பார்த்தால் பங்களாவின் கூரையும் அதனைச் சூழ்ந்த வேலிமரங்களுமே தெரியும். ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தம் 1791 இல் ஒரு சிறைச்சாலைத் திட்டத்தை வெளியிட்டார். நடுவே ஒரு கோபுரம்; சுற்றிலும் அறைகள். கோபுரத்திலிருப்பவன் எல்லோரையும் காணலாம். அவனை எவரும் காண முடியாது. தன்னை எப்போது பார்க்கிறார்கள் என்று அறியாத கைதி எப்போதும் பார்க்கப்படுவதாகவே எண்ணி அடங்கி நடப்பான் என்பது அத்திட்டத்தின் உயிர்நாடி. நம் தோட்டத் துரைமார் பெந்தத்தைப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு அக்கோபுரத்தை மலையே கட்டிக் கொடுத்துவிட்டது.

விடியுமுன் தப்பு ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் வரிசையில் நிற்பர். செக்றோலில் பெயர் விழும். பின்னர் மலையிலே, ஒவ்வொரு நிரையின் பின்னாலும் கங்காணியின் கண். மாலையில் கொழுந்து மடுவத்திலே தராசின் கண்ணும் கணக்கப்பிள்ளையின் கண்ணும். தோட்டத்தைவிட்டு ஓடுபவனைச் சிறைக்கனுப்ப 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருந்தது. வேறு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின் 'துண்டு' வேண்டும். துண்டு முறை 1921 இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்கு, அவர்கள் சேரவேண்டிய தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத்துண்டு கொடுக்கப்பட்டது. மண்டபம் முகாமிலே அவர்களுடைய உடல்கள் பரிசோதிக்கப்பட்டன. கடலைத் தாண்டுமுன்பே அம்மக்கள் பார்க்கப்படத் தொடங்கிவிட்டனர்.

பார்ப்பவனைத் திரும்பிப் பார்ப்பது குற்றமாக இருந்தது. துரை குதிரையில் வந்தால் பாதையைவிட்டு இறங்கி, குடையை மடக்கி, தலைமுண்டாசை அவிழ்த்து, நிலத்தை நோக்கி நிற்கவேண்டும் என்று தோட்டத்து முதியோர் கூறக் கேட்டிருக்கிறோம். நாலு தலைமுறையாக நிலத்தை நோக்கிய கண்கள் அவை.

லயத்து அறையோ ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையலும் உறக்கமும், மகப்பேறும் மரணமும், மணமக்களின் முதலிரவும் அந்த ஒரே அறையில். இடைச்சுவர் கூரையைத் தொடாத லயங்கள் பல. நீராடப் பொதுப்பீலி. பங்களாவிலே ஒரு குடும்பத்துக்குப் பத்து அறைகளும் ஒரு பூங்காவும் இருந்தபோது, லயத்துப் பெண்ணுக்கு ஆடை மாற்ற ஒரு மறைவு இருக்கவில்லை. மறைவு என்பது நாணத்தைப் பற்றிய செய்தி என்றே நாம் நினைக்கிறோம். அது சொத்தைப் பற்றிய செய்தியுமாகும். உடையவனுக்கு மறைவு உண்டு. இல்லாதவன் ஊர்ப்பார்வையில் வாழ்கிறான்.

*

இத்தகைய மலைக்குக் கமராவும் வந்தது. ஐரோப்பிய நிழற்படக் கலை வரலாற்றில் பெரும் புகழ் பெற்ற ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் தம் கணவருடன் இலங்கைக்குக் குடிவந்தார். கணவர் சாள்ஸ் ஹே கமரன், 1830களின் தொடக்கத்தில் இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய்ந்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவினருள் ஒருவர். அக்குழுவின் பரிந்துரையை அடுத்து இராசகாரியம் ஒழிந்தது. தனியார் முதலுக்கும் கூலியுழைப்புக்கும் நாடு திறந்துவிடப்பட்டது. அதே கமரன் பின்னர் இங்கே கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரானார். சட்டத்தைத் திருத்திய குடும்பமே நிலத்தையும் வாங்கியது. நிலத்தை வாங்கிய குடும்பமே நிலத்தில் உழைத்தவர்களைப் படமும் எடுத்தது. ஏகாதிபத்தியத்தின் மூன்று கைகளும் ஒரே வீட்டில் இருந்தன.

கமரன் அம்மையாரின் இலங்கைப் படங்கள் அழகானவை. அதை மறுப்பது நேர்மையாகாது. பிறர் எடுத்த 'சுதேசி' படங்களிற் காணாத ஒரு கனிவும் அவற்றில் உண்டு. ஆனால், இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞரும் அறிஞரும் தத்தம் பெயரோடு வரலாற்றில் நிற்க, இங்கே அவர் எடுத்த மனிதர் 'களுத்துறைக் குடியானவர்' என்ற பொதுப்பெயருக்குள் மறைந்துபோயினர். அவரைக் களுத்துறையிற் சந்தித்த ஓவியர் மரியான் நோத் தம் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி கூறுகிறார். ஓர் இளைஞனுடைய முதுகின் அழகில் அம்மையார் மனத்தைப் பறிகொடுத்து, அவனைத் தோட்டக்காரனாக அமர்த்திக்கொள்ளும்படி தம் மகனை வற்புறுத்தினாராம். அவ்வீட்டில் பூந்தோட்டமே இருக்கவில்லை. நோத் அம்மையார் இதை நகைச்சுவையாகவே எழுதினார். நமக்கு நகைப்பு வரவில்லை. ஒருவனுடைய முதுகைப் பார்ப்பதற்காக அவனையே கூலிக்கு அமர்த்த முடிந்த காலம் அது. அம்முதுகுக்கு உரியவன் என்ன நினைத்தான் என்று கேட்க வேண்டும் என எவருக்கும் தோன்றவில்லை. 1879 இல் கமரன் அம்மையார் நம் மலையகத்திலேயே காலமானார். பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய முற்றத்தில், சூழவுள்ள தேயிலைக்கு நடுவே, அவருடைய கல்லறை இருக்கிறது. அதன்மீது அவருடைய பெயரும் இருக்கிறது.

அவருக்குக் கலை நோக்கமாவது இருந்தது. கொழும்பிலும் கண்டியிலும் கடைவிரித்த ஸ்கீன், ஸ்கோவன், பிளாற்றே முதலிய நிழற்பட நிறுவனங்களுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்று தலைப்பிட்ட படங்கள் ஆல்பங்களிலும் தபாலட்டைகளிலும் கடல்கடந்து சென்றன. மூக்குத்தியும் தண்டட்டியும் அணிந்த பெண்ணை ஒரு திரைச்சீலையின் முன் நிறுத்தி, அவளுடைய இனத்தை மட்டும் கீழே எழுதினர். அதே காலத்தில், 1880களில், ஜேர்மனிய விலங்கு வணிகரான கார்ல் ஹாகன்பெக் இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதரையும் கொண்டுசென்று ஐரோப்பிய நகரங்களின் விலங்குக் காட்சிச் சாலைகளிலே காட்டினார். நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் கம்பித் தடுப்புக்கு அப்பால் நின்று, சமைப்பதையும் ஆடுவதையும் குழந்தைக்குப் பாலூட்டுவதையும் கண்டுகளித்தனர்.

இவ்வாறு பார்வை ஒரு பண்டமாயிற்று. 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன், தோட்டத்திலிருந்து நேரே கோப்பைக்கு என்ற பொருள்படத் தம் தேயிலையை விளம்பரம் செய்தார். அவ்விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப்பெண் புன்னகையோடு நின்றாள். 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியிலும் இலங்கை மண்டபத்திலே தேநீர் பரிமாறப்பட்டது. பொருளுக்குப் பின்னாலுள்ள உழைப்பை மறைப்பது முதலாளித்துவத்தின் பொதுவான வழக்கம். தேயிலை வணிகமோ அதைவிடத் தந்திரமானது: அது உழைப்பைக் காட்டியே மறைத்தது.

இதனை நம் மாணவரே நமக்கு விளக்கினர். ஒருநாள் ஏற்றுமதித் தேயிலைப் பெட்டி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசென்று, அதிலுள்ள படத்தில் என்ன குறைகிறது என்று கேட்டோம். பிள்ளைகள் அடுக்கத் தொடங்கினர். இடுப்பிலே படங்கு இல்லை. காலிலே அட்டைக்கடி இல்லை. விரல்களிலே கொழுந்துக்கறை இல்லை. நெற்றியிலே கூடைக்கயிறு அழுத்திய தழும்பு இல்லை. மழை இல்லை. பின்னால் கங்காணி இல்லை. கடைசி வாங்கிலிருந்த ஒரு சிறுமி, "கொழுந்து எடுக்குறப்ப எங்க அம்மா சிரிச்சு நான் பாத்ததே இல்ல, சேர்" என்றாள். பெரிய ஆய்வு நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை அச்சிறுமி ஒரே வாக்கியத்திற் கூறிவிட்டாள்.

*

நிழற்படத்தை அடுத்துத் திரைப்படம் வந்தது. இலங்கையைப் பற்றி எடுக்கப்பட்ட விவரணப் படங்களுள் உலகப் புகழ் பெற்றது, பசில் றைற் இயக்கி 1934 இல் நிறைவுற்ற 'சோங் ஒவ் சிலோன்'. அது 1935 இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவிலே முதற்பரிசு பெற்றது. தயாரித்தவர் விவரணப்பட இயக்கத்தின் தந்தை எனப்படும் ஜோன் கிரியர்சன். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. முதலில் நாலு சிறு பயணப் படங்களாகத் திட்டமிடப்பட்டது, பின்னர் நாலு பகுதிகள் கொண்ட ஒரே படமாயிற்று. 1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வாசகங்களை நம் நாட்டுக் கலைஞர் லயனல் வென்ட் தம் குரலிலே படித்தார்.

முற்போக்கு நோக்குடையோர் இப்படத்தை ஒரேயடியாகத் தூற்றுதல் தகாது. 'வணிகத்தின் குரல்கள்' என்னும் மூன்றாம் பகுதியில், உழைக்கும் மக்களின் காட்சிகளுக்கு மேலே சந்தை விலைகளையும் கப்பற் செய்திகளையும் கூறும் ஆங்கிலக் குரல்களை றைற் ஒலிக்கச் செய்தார். உழைப்பு ஓரிடத்திலும் இலாபம் ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடப்பதை, பணம் கொடுத்த சபையின் மூக்குக்கு முன்னாலேயே அவர் ஒலியாற் காட்டினார். இஃது ஒரு கலைஞனின் துணிவு.

ஆயினும், தேயிலைப் பணத்தில் எடுக்கப்பட்ட அப்படம் புத்த விகாரையிலும் சிங்களக் கிராமத்திலும் நடனத்திலும் நிலைத்துநின்ற அளவுக்கு லயத்தில் நிலைத்து நிற்கவில்லை. அக்கால இலங்கையின் ஏற்றுமதி வருவாயைச் சுமந்த மக்கள், தம் பெயரும் குரலும் இன்றி, விலைக்குரல்களுக்குக் கீழே ஒரு காட்சியாகிக் கடந்து செல்கின்றனர். கமரா லயத்து வாசலைத் தாண்டியிருப்பின், தேயிலைப் பிரசார சபைக்கு அந்தப் படம் உதவியிராது. எதைப் பார்ப்பது என்பதை மட்டுமல்ல, எதைப் பாராதிருப்பது என்பதையும் பணமே தீர்மானிக்கிறது.

நம் தமிழ்த் திரைக்கும் இதிற் பங்குண்டு. தமிழகத்துப் படங்கள் பலவற்றில் தேயிலை மலை காதற்பாட்டுக்கு ஒரு பின்திரை. பாட்டு முடியும்வரை மலை இருக்கும். பாட்டு முடிந்ததும் மலையும் மக்களும் மறைந்துவிடுவர். கதாநாயகி கூடை மாட்டிக்கொண்டு வந்தாலும் கமரா அவளுடைய உழைக்கும் விரல்களை நோக்குவதில்லை. அவளுடைய இடையையே நோக்குகிறது. லாரா மல்வி என்ற ஆங்கிலத் திறனாய்வாளர் 1975 இல் எழுதிய கட்டுரையில், வணிகத் திரைப்படத்தில் பார்ப்பவன் ஆணாகவும் பார்க்கப்படுவது பெண்ணாகவும் அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். இருண்ட அரங்கிலே அமர்ந்திருப்பவன், தன்னை எவரும் காணாத நிலையில் பிறரைக் கண்டு இன்புறுகிறான் என்றார் அவர். மேட்டுப் பங்களாவும் இருண்ட அரங்கும் ஒரே தத்துவத்தில் அமைந்தவை. அந்த அரங்கு இன்று நம் மாணவனின் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது.

விதிவிலக்குகளும் உண்டு. 1963 இல் வெளிவந்த 'தோட்டக்காரி' என்னும் இலங்கைத் தமிழ்ப்படம் தோட்டத்தையே களமாகக் கொண்டது. தோட்டத் தொழிற்சங்கவாதியான வீ. பி. கணேசன் 1975 இல் 'புதிய காற்று' படத்தைத் தந்தார். தொழில்நுட்பக் குறைகளை எண்ணிக்கொண்டிருப்போர் எண்ணட்டும். இப்படங்கள் மலையக மக்களை மலையக மக்களே அமர்ந்து பார்க்கும்படி செய்தன. தமிழகத்தில் பி. எச். டானியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய தோட்ட நாவல், 'எரியும் பனிக்காடு' என்று தமிழாகி, 2013 இல் பாலாவின் 'பரதேசி' படத்துக்கு அடிப்படையாயிற்று. அங்கே துன்பம் முழுவதும் திரைக்கு வந்தது. ஆனால், துன்பத்தையும் வேடிக்கையாகப் பார்க்கலாம் என்பதை நாம் மறத்தலாகாது. அழகை விற்கும் படமும் அவலத்தை விற்கும் படமும், பார்க்கப்படுகிறவனுக்குத் திரும்பிப் பார்க்கும் உரிமையைக் கொடாதவரை, ஒரே சந்தையில் நிற்கின்றன.

*

திரும்பிப் பார்த்தவர்களும் இம்மலையில் இருந்தனர்.

தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியார் எவரும் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், புடைவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள்ளே சென்றார். அவரும் மறைந்தே பார்த்தார். ஆயினும், அவர் பார்த்தது அம்மக்களின் நிலையை வெளியுலகுக்குச் சொல்வதற்காக. மறைந்தது அம்மக்களிடமிருந்து எதையும் கவர்வதற்காக அன்று, துரையின் கண்ணுக்குத் தப்புவதற்காக. 1931 இல் அவர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவருடைய மனைவி மீனாட்சியம்மையார் மேடையேறிப் பாடினார். பார்க்கப்படும் பொருளாகவே இருந்த பெண், கேட்கப்படும் குரலானார்.

அடுத்துப் பிறேஸ்கேடிலைக் கூறவேண்டும். ஒஸ்திரேலிய இளைஞரான மார்க் அன்ரனி பிறேஸ்கேடில் 1936 இல் மடுல்கலைப் பகுதியில் றெலுகாஸ் தோட்டத்துக்குச் சின்னத்துரைப் பயிற்சிக்காக வந்தார். பங்களாவின் கண்ணாகப் பயிற்றப்பட வந்தவர் லயத்தின் பக்கம் நின்று பார்க்கத் தொடங்கினார். வேலை போயிற்று. 1937 ஏப்ரல் 3 ஆம் நாள் நாவலப்பிட்டியில் லங்கா சமசமாஜக் கட்சி நடத்திய கூட்டத்தில், இந்தியாவிலிருந்து வந்த கமலாதேவி சட்டோபாத்தியாய பேசிய அதே மேடையில், தோட்டத்துரைமாரின் செயல்களை வெளிப்படுத்தப் போவதாக அவர் முழங்கினார். தொழிலாளர் "சாமி, சாமி" என்று ஆரவாரித்தனர். அங்கு வந்திருந்த துரைமார் அவருடைய முகத்தோற்றமும் நின்ற நிலையுங்கூட அச்சுறுத்துவனவாக இருந்தன என்று முறையிட்டனர். ஆளுநர் ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். பிறேஸ்கேடில் தலைமறைவானார், மே 5 ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் முன்னே தோன்றினார். மே 18 ஆம் நாள் உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதென்று தீர்த்தது. ஒரு வெள்ளைக்காரர் தொழிலாளரைச் சுரண்டியிருந்தால் எவரும் அதைச் செய்தியாகக் கொண்டிரார். அவர் எதிர்த்திசையிலிருந்து பார்த்ததே பேரரசைக் கலக்கியது.

மூன்றாமவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914 இல் வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த அவர், தேயிலைத் தோட்டத்தைத் தோட்டத்துப் பிள்ளையின் கண்ணாற் கண்டு ஆங்கிலத்தில் எழுதினார். சக்தி பாலையா அதனைத் தமிழாக்கினார். வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தேடித் தொகுத்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார்.

ஆனால், அடுத்த ஆண்டே என்ன நடந்தது? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இல் இரண்டு பிரதம மந்திரிகள் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். அம்மக்களுள் ஒருவரையும் கேட்கவில்லை. எஞ்சியோரின் பிரசாவுரிமைச் சிக்கல் 1988 ஆம், 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்வரை நீண்டது. தபாலட்டையில் இருந்தனர், தேயிலைப் பெட்டியில் இருந்தனர், திரைப்படத்தில் இருந்தனர், வாக்காளர் இடாப்பில் மட்டும் இல்லை. உலகமெல்லாம் பார்த்த ஒரு மக்கட் கூட்டத்தை அதனுடைய சொந்த அரசு காண மறுத்தது.

*

இனி நம் மாணவனின் கேள்விக்கு வருவோம். வேனில் வருபவரை ஏன் ஒருவரும் பிடிப்பதில்லை?

தம்பி, உன் கேள்வி நியாயமானது. அவர்களைப் பிடிக்காததற்குக் காரணம், உன் அம்மா நூற்றைம்பது ஆண்டுகளாகக் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டிருப்பதுதான். தேயிலையை விற்றவர்கள் அவருடைய உருவத்தையும் சேர்த்தே விற்றார்கள். இப்பொழுது இயற்கைக் காட்சியை விற்பவர்களும் அவ்வாறே செய்கிறார்கள். வேனில் வருபவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களுட் சிலர் அன்போடு கையசைக்கிறார்கள். ஆனாலும், "உங்களைப் படம் எடுக்கலாமா, உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பவர் எத்தனை பேர்? கேளாமல் எடுப்பது தவறு என்பதை உலகம் இன்னும் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஒப்புக்கொள்ளும்படி செய்வது நம் கடமை.

அதனால் நீ செய்தது சிறிதாகிவிடவில்லை. துரையின் கண்ணை எதிர்த்த நம் தாத்தாமாரின் பேரப்பிள்ளை, அதே கண்ணைத் தன் முகத்தில் ஒட்டிக்கொள்ளலாமா? பார்க்கும் உரிமை உனக்கும் வேண்டுமென்று நீ கேட்கிறாய். இசைவின்றிப் பார்க்கும் உரிமை எவருக்குமே இல்லை என்பதே நம் விடை.

இதை மாணவனிடம் கூறுவதோடு நாம் நிறுத்திக்கொள்ளல் ஆகாது. நம் தொழிற்சங்கங்களையும் கேட்போம். கொழுந்தெடுப்போருட் பெரும்பாலார் பெண்கள்; அவர்களைக் கண்காணித்தவர் தலைமுறை தலைமுறையாக ஆண்கள். பெண்ணுக்கு ஆணுக்கு ஒத்த நாட்சம்பளம் 1984 இலேதான் கிடைத்தது. 2021 இல் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக்கப் பெரும் போராட்டம் நடந்தது. அது வேண்டிய போராட்டமே. பீலிக்கு ஒரு சுவர், மலையிலே பெண்களுக்கு ஒரு மலசலகூடம், லயத்துக்கு மாற்றாகக் கதவும் சன்னலும் உள்ள தனிவீடு ஆகியனவும் சம்பளத்தைப் போன்றே உரிமைக் கோரிக்கைகள் என்பதை நம் ஆண் தலைவர்கள் எத்தனை மேடைகளிற் கூறினர்? பெண்ணின் மறைவைக் காப்பது அவளுக்கு நாணம் கற்பிப்பதால் நடவாது. செங்கல்லும் சீமெந்தும் வேண்டும்.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒன்று கூறுவோம். வரலாற்றுப் பாடத்தில் கோப்பி வந்த ஆண்டையும் தேயிலை வந்த ஆண்டையும் மனனம் செய்விக்கிறோம். அத்துடன் ஒரு பழைய தபாலட்டையையும் ஒரு தேயிலைப் பெட்டியையும் வகுப்பிலே வைத்து, 'இதை எடுத்தவர் யார்? எங்கே நின்று எடுத்தார்? யாருக்காக எடுத்தார்? எடுக்கப்பட்டவரைக் கேட்டாரா?' என்ற நாலு கேள்விகளைக் கேட்கப் பழக்குவோம். அவற்றைக் கேட்கத் தெரிந்த பிள்ளை திரைப்படத்தையும் விளம்பரத்தையும் தன் கைத்தொலைபேசியையும் ஏமாறாமல் நோக்கும்.

2023 இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தனர். அந்நாட்களில் எடுக்கப்பட்ட படங்களை நாம் பார்த்தோம். அவற்றில் எவரும் நிலத்தை நோக்கி நிற்கவில்லை.

நம் வகுப்பிலும் ஒரு சிறு முயற்சி தொடங்கியிருக்கிறது. பிள்ளைகள் தத்தம் வீட்டுப் பெரியோரை, அவர்களுடைய இசைவோடு, அவர்கள் விரும்பிய இடத்தில், விரும்பிய உடையில் படம் எடுத்து வருகின்றனர். படத்தின் கீழே பெயரும் பிறந்த தோட்டமும் அவர் சொல்ல விரும்பிய ஒரு செய்தியும் எழுதப்படுகின்றன. பீலியடியிலே படம் எடுத்த அம்மாணவனும் தன் தாயாரைப் படம் எடுத்து வந்தான். தாயார் கொழுந்துக் கூடையோடு நிற்க மறுத்துவிட்டாராம். தைப்பொங்கலுக்கு வாங்கிய சேலையைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்து, கமராவை நேருக்கு நேர் பார்த்திருந்தார். கீழே அவருடைய முழுப்பெயரையும் மகன் தன் கையெழுத்தில் எழுதியிருந்தான்.